ஆரஞ்சுச் சட்டை, சாம்பல் தொப்பி

முதல் நாள், திங்கள்: பாரிஸ்

மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரே யார் வந்தாலும் முகத்துக்கு முன்னால் துணிதான் கண்ணில் படும். கோவையில் ஒரு நூற்பாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 24 வருஷம் குப்பை கொட்டிய எனக்கு, ஓய்வு பெற்ற பிறகும் அது போகவில்லை. இன்று காலை அவென்யூ மோந்தேன் 30-ம் எண் வாசலில் நின்றபோது, கண்ணாடிக்குள் இருந்த கவுனின் விலையை அண்ணன் மகன் தேடிக்கொண்டிருந்தான். நான் அதன் மடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"டியோர் கடையைப் பார்க்கவா அத்தை கோயமுத்தூர்ல இருந்து வந்தீங்க?"

"டியோரை இல்லடா. டியோருக்குக் காசு போட்ட மில்காரரை."

அந்த மில்காரர் மார்செல் பூசாக். 1889-ல் பிறந்து 1980-ல் இறந்தவர். பிரான்ஸின் பருத்தி ராஜா என்று பேரெடுத்தவர். உலகத்துக்கு அவரை இரண்டு விஷயத்துக்காகத்தான் தெரியும்: டியோர், குதிரை. நெசவை யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்த மனக்குறை ரொம்ப நாளாக உண்டு. மகளைப் பார்க்க பாரிஸ் வந்த சாக்கில் ஒரு வாரம் ஒதுக்கி, அவர் போன வழியில் போய்வருவது என்று கிளம்பிவிட்டேன். பையனுக்குக் கல்லூரி விடுமுறை, கார் ஓட்டத் தெரியும், பிரெஞ்சு பேசுவான். துணைக்கு வேறென்ன வேண்டும்.

30-ம் எண்ணை ஒட்டியே டியோர் அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைந்ததும் சுழல் படிக்கட்டு. சுவர் நெடுகக் குட்டிக் குட்டிக் கவுன்கள், செருப்புகள், கைப்பைகள், வானவில் மாதிரி நிறம் நிறமாக அடுக்கியிருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் படமெடுத்துத் தள்ளுகிறார்கள். பூசாக்கின் பேரைத் தேடினால்தான் கிடைக்கும்.

கதை இதுதான். 1946. போர் முடிந்து ஒரு வருஷம். பூசாக்கிடம் 'பிலிப் எ காஸ்தோன்' என்று நலிந்துபோன ஆடையகம் ஒன்று இருந்தது. அதைத் தூக்கி நிறுத்த ஆள் தேடினார்கள். அதன் நிர்வாகியான ஜார்ஜ் விகுரூ, தன் பால்ய நண்பன் கிறிஸ்டியன் டியோரைத் தெருவில் சந்தித்துப் பேச்சைத் தொடங்கினார். டியோருக்குப் பழைய கடையைத் தூசி தட்டுவதில் விருப்பமில்லை. யோசித்துக்கொண்டே நடந்தவர் காலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தால் வண்டியிலிருந்து கழன்று விழுந்த இரும்பு நட்சத்திரம். ஜோசியத்தில் அபார நம்பிக்கை உள்ள மனிதர் அவர். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, 'பழைய கடை வேண்டாம், என் பேரில் புதுக் கடை வைத்தால் வருகிறேன்' என்று பூசாக்கிடம் சொல்லிவிட்டார். வேலை கேட்டு வந்தவன் முதலாளிக்கே நிபந்தனை போட்டான், முதலாளியும் ஒத்துக்கொண்டார். நான் பார்த்த முதலாளிகளில் இப்படி ஒருவரும் இல்லை.

1946 டிசம்பரில் கடை திறந்தது. 1947 பிப்ரவரி 12-ல் முதல் அணிவகுப்பு. ஒட்டிய இடை, குடை மாதிரி விரிந்து கணுக்கால் நோக்கி இறங்கும் பாவாடை. 'நியூ லுக்' என்று அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் கார்மல் ஸ்னோ வைத்த பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. துணிக்குப் பஞ்சமாக இருந்த காலத்தில் ஒரு பாவாடைக்கு இத்தனை மீட்டரா என்று கோபப்பட்டவர்களும் உண்டு. மில்காரர் கோபப்படுவாரா? பாவாடை ஒரு சாண் இறங்கினால் எத்தனை தறிக்கு வேலை என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

கருப்புப் பாவாடை ஒன்றின் முன்னால் கால் மணி நேரம் நின்றிருப்பேன். காவலாளிப் பெண் வந்து கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். கண்ணாடியில் என் மூக்குத் தடம் பதிந்திருந்தது.

இரண்டாம் நாள், செவ்வாய்: ஷாத்தோரூ

ஆஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் ரயிலேறி, தெற்கே இரண்டு மணி நேரம். தட்டையான கோதுமை நிலம், அறுத்த வயல், அங்கங்கே தண்ணீர்த் தொட்டி. பூசாக் பிறந்த ஊர் ஷாத்தோரூ. அவரைப் பற்றிக் கேட்டதில் மூன்று பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒருவர் நடிகர் ஜெரார் தெபார்தியூவும் இந்த ஊர்தான் என்று ஆறுதலுக்குச் சொன்னார்.

பதிவு செய்த விடுதியில் எங்கள் பேரில் அறையே இல்லை என்றார்கள். ஒரு மணி நேரம் வரவேற்பறைச் சோபாவில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு மாடியில் ஒன்று கிடைத்தது. அதை விடுங்கள்.

அப்பா லூயி பூசாக் துணி வியாபாரி. அம்மா வேறு ரகம். வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டவருக்குக் கவிதை பிடித்திருந்தது. கணவரை விட்டுப் பிரிந்து கத்தூல் மாந்தேஸ் என்ற பெயர்பெற்ற கவிஞரை மணந்தார். ஜேன் கத்தூல் மாந்தேஸ் என்ற பெயரில் தானும் கவிஞரானார். ரியோ டி ஜெனிரோவுக்குப் போய்வந்து அந்த ஊரைப் பற்றி அவர் எழுதிய கவிதைகளால்தான் 'அற்புத நகரம்' என்ற பட்டப்பெயர் ஊரில் நிலைத்தது என்று சொல்வதுண்டு. மகன் அப்பாவிடம் வளர்ந்தான், துணியோடு வளர்ந்தான். அம்மாவின் இரண்டாம் மணத்தில் பிறந்த தம்பி பிரிமீஸ் 1917-ல் போர்முனையில் இறந்தான். அண்ணன் அதே வருடங்களில் ராணுவத்துக்குத் துணி கொடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த்ர் ஆற்றங்கரையில் நடந்தபோது இந்த ஊரின் இன்னொரு ஜவுளிக் குடும்பம் நினைவுக்கு வந்தது: பல்சான். பூசாக்கின் அப்பாவைவிடப் பல மடங்கு பெரிய கைகள். ராணுவச் சீருடைக்குக் கம்பளித் துணி நெய்தவர்கள். அந்த வீட்டுப் பிள்ளை எத்தியேன் பல்சானுக்கு மில்லில் நாட்டமில்லை, குதிரையில்தான். கோம்பியேன் பக்கம் ரோயாலியூவில் லாயம் வைத்து வாழ்ந்தார். அவர் வீட்டில் வந்து தங்கிய, அவர் தயவில் தொப்பி தைக்கத் தொடங்கிய இளம்பெண்தான் கோகோ ஷனேல்.

எண்ணிப் பாருங்கள். ஷனேல் எழுந்து நிற்கக் கை கொடுத்தவர் ஷாத்தோரூ துணிக் குடும்பத்துக் குதிரைப் பைத்தியம். டியோர் எழுந்து நிற்கக் கை கொடுத்தவரும் ஷாத்தோரூ துணிக் குடும்பத்துக் குதிரைப் பைத்தியம். இந்தச் சின்ன ஊருக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்? ஊரில் ஒரு பலகைகூட இதைச் சொல்லி என் கண்ணில் படவில்லை.

பூசாக் இருபது வயதை ஒட்டிப் பாரிஸுக்குக் கிளம்பினார். கருப்பும் பழுப்புமாக உடுத்திக்கொண்டிருந்த பெண்களுக்குப் பளிச்சென்ற நிறத்தில் மலிவுத் துணி கொடுத்தால் வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு. வோஜ் மலைப்பக்கத் தறிகளில் நெய்ய வைத்து விற்றார். கணக்குத் தப்பவில்லை. நாளை அந்த மலைக்குத்தான் போகிறோம்.

மூன்றாம் நாள், புதன்: வெசர்லிங்

விடிகாலையில் கிளம்பி, பாரிஸ் வந்து நிலையம் மாறி, முலூஸில் மறுபடி மாறி, மலைப் பள்ளத்தாக்குக்குள் போகும் குட்டி ரயிலைப் பிடித்து வெசர்லிங் சேர்ந்தபோது மணி இரண்டு தாண்டிவிட்டது. இடுப்பு கழன்றுபோயிற்று. ஆனால் இறங்கியதும் மூக்கு விழித்துக்கொண்டது. பழைய ஆலைக்கு ஒரு வாசம் உண்டு: எண்ணெய், ஈரச் செங்கல், பஞ்சுத் தூசி. ஆலை நின்று வருஷக்கணக்கானாலும் அது போவதில்லை.

முன்பு முர்பாக் மடத்துத் தலைவர்கள் வேட்டையாட வந்து தங்கிய மாளிகை இது. 1762-ல் இங்கே துணி அச்சடிக்கத் தொடங்கினார்கள். என்ன துணி தெரியுமா? 'இந்தியென்' என்று பெயர். நம் கோரமண்டல் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணியின் நகல். பூவும் கொடியுமாக, துவைத்தாலும் சாயம் போகாத பருத்தியைப் பார்த்து ஐரோப்பா மயங்கிப்போய், உள்ளூர்ப் பட்டும் கம்பளியும் படுத்துவிடும் என்று பயந்த பிரான்ஸ் 1686-ல் அதற்குத் தடையே போட்டது. 1759-ல் தடை நீங்கியது. மூன்றே வருஷத்தில் இந்த மலையடிவாரத்தில் ஆலை. நம்மவர்கள் சாயம் பிடிக்கக் கண்டுபிடித்த கைப்பக்குவத்தை இவர்கள் எவ்வளவு மெனக்கெட்டுக் கற்றுக்கொண்டார்கள் என்பது மாடியில் இருக்கும் மர அச்சுகளைப் பார்த்தால் புரிகிறது. ஒரு அச்சைக் கையில் கொடுத்தார்கள். தேய்ந்த இதழ்களில் இன்னும் செம்மை ஏறியிருக்கிறது. கைப்பிடியில் யாருடையவோ கட்டைவிரல் அழுத்தி அழுத்திக் குழி விழுந்திருந்தது. என் விரல் அதில் பொருந்தவில்லை. அவருக்குப் பெரிய கை.

1930-களில் இந்த ஆலை பூசாக்கின் கைக்கு வந்தது. அதற்குள் அவர் பெரும்புள்ளி. முதல் போரில் விமான இறக்கைக்கு மேல் துணிதான் போர்த்துவார்கள். போர் முடிந்ததும் அந்தத் துணி மலைமலையாக மிஞ்சியது. எல்லாரும் 'ஐயோ சரக்கு தேங்கிவிட்டதே' என்றபோது பூசாக் அதை வாங்கி, சட்டை, பைஜாமா, ஏப்ரன் தைத்து, 'விமானத் துணி' என்றே கடைக்குப் பேர் வைத்து விற்றார். காற்றைக் கிழித்துக்கொண்டு பறந்த துணி, உங்கள் வீட்டுக்காரர் முழங்கையில் கிழியுமா? விளம்பரத்துக்கு வேறு வார்த்தையே வேண்டாம். எங்கள் பக்கம் தேங்கின ஏற்றுமதிச் சரக்கை ரோட்டோரம் குவித்து விற்பார்களே, அதே வித்தைதான். இவர் அதற்கு ஒரு கௌரவம் சேர்த்துவிட்டார்.

அந்தக் காசில்தான் வோஜ் பள்ளத்தாக்கு நெடுக நூற்பாலை, நெசவாலை, வெளுப்பு, சாயம், தையல், கடை என்று பஞ்சு மூட்டையிலிருந்து பட்டன் வரைக்கும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். வீடு, குழந்தைகள் காப்பகம், பிள்ளைகளுக்கு விடுமுறை முகாம் எல்லாம் முதலாளி செலவு. பதிலுக்கு முதலாளி சொன்னதுதான் சட்டம். இதில் ஏற்றிச் சொல்லவும் ஒன்றுமில்லை, தூற்றவும் ஒன்றுமில்லை. மில் லைன் வீட்டில் வளர்ந்தவளுக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

கொதிகலன் கூடத்தில் இருட்டு. சங்கு ஊதும் நேரம் என்று ஒன்று இருந்ததாக வழிகாட்டிப் பெண் விளக்கினாள். எனக்கு விளக்க வேண்டியதில்லை. என் அம்மா உலையில் அரிசி போடுவதே மில் சங்குக் கணக்கில்தான்.

கடையில் சமையலறைத் துண்டு ஒன்று வாங்கினேன். அறைக்கு வந்ததும் கைப்பையிலிருந்து பிக் கிளாஸை எடுத்து அதன் மேல் வைத்தேன். பித்தளையில் ஒரு அங்குலச் சதுரச் சட்டம், மடித்தால் தீப்பெட்டியில் பாதி. பாவு நூலையும் ஊடை நூலையும் எண்ணுவதற்கு. நெருக்கமான நெசவு, ஒரு இடத்தில்கூட முடிச்சில்லை. பையன் தலையில் அடித்துக்கொண்டு படுக்கப் போனான்.

நான்காம் நாள், வியாழன்: ஷாந்தியீ

பாரிஸுக்கு வடக்கே அரை மணி நேரம். காட்டு மணல்பாதையில் வரிசையாகக் குதிரைகள் பயிற்சி முடிந்து திரும்பிக்கொண்டிருந்தன, மேலெல்லாம் ஆவி பறக்க. பக்கத்திலேயே பந்தயத் திடல். பிரெஞ்சு டெர்பி என்று சொல்லப்படும் 'ப்ரி து ஜாக்கி கிளப்' ஓடும் இடம் இது. பூசாக் இதைப் பன்னிரண்டு தடவை ஜெயித்தார். பன்னிரண்டாவதைப் பற்றி மட்டும் இன்று எழுதுகிறேன், மழை வேறு தூறுகிறது.

1978 மே. பூசாக்குக்கு 89 வயது. குழுமம் கடன் தாங்காமல் நீதிமன்றத்தின் கைக்குப் போனது. காலனிச் சந்தைகள் கைநழுவி, செயற்கை இழை ஊரை வளைத்து, மலிவுத் துணி வெளிநாட்டிலிருந்து வந்து குவிந்தபோதும் அவர் பருத்தியையே பிடித்துக்கொண்டிருந்தார். ஓட்டையை அடைக்க, டியோர் வாசனைத் திரவியத் தொழிலை மொயே என்ற ஷாம்பெய்ன் நிறுவனத்துக்கு முன்பே விற்றாயிற்று. கைவசமிருந்த 'லோரோர்' நாளிதழையும் விற்றார். நஷ்டத்தில் தன் சொந்தச் சொத்தையும் கொண்டுபோய்க் கொட்டினார் என்பதை அவர் எதிரிகளும் மறுத்ததில்லை.

ஜூனில் இந்தத் திடலில் அகாமாஸ் என்ற அவர் குதிரை டெர்பியை ஜெயித்தது. ஆரஞ்சுச் சட்டை, சாம்பல் தொப்பி. அறுபது வருஷமாக அவர் ஜாக்கிகள் போட்ட அதே நிறம். அதே ஆண்டு அவர் குதிரைகள் இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கானுக்குக் கைமாறின.

மில்கள் வில்லோ சகோதரர்களுக்குப் போய், அவர்களும் திவாலாகி, 1984-ல் பெர்னார் ஆர்னோ என்ற முப்பத்தைந்து வயதுக்காரர் கைக்கு வந்தன. அவருக்கு வேண்டியிருந்தது டியோர். மில்கள் ஒவ்வொன்றாகப் போயின, ஆயிரக்கணக்கானோர் வேலையும் போயிற்று. இன்றைய எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் சாம்ராஜ்யத்துக்கு அஸ்திவாரம் அதுதான். திங்கட்கிழமை பார்த்த கண்ணாடி அலமாரிக்கும் நேற்று பார்த்த கொதிகலன் கூடத்துக்கும் நடுவில் இந்த ஒரு பத்தி இருக்கிறது.

ஐந்தாம் நாள், வெள்ளி: ஃப்ரெனே-ல-புஃபார்

மோன்பர்னாஸில் ரயிலேறி அர்ஜந்தானில் இறங்கி, கார் வாடகைக்கு எடுத்தோம். நார்மண்டி. வேலிப்புதருக்குள் வேலிப்புதராக நிலம். ஆப்பிள் மரத்தடியில் பழம் அழுகிக் கிடக்கும் புளித்த வாசம். ஃபலேஸ் போகும் பக்கம் நவி-ஓ-ஊல்ம் என்று குட்டி ஊர். அங்கேதான் பூசாக் 1919-ல் வாங்கிய குதிரைப் பண்ணை.

வெளிவாசல் சாத்தியிருந்தது. பண்ணையைப் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை என்று தெரிந்தேதான் வந்தேன். பையனுக்கு ஏமாற்றம். "இவ்வளவு தூரம் வந்து கேட்டைப் பார்த்துட்டுப் போறதாங்கத்தை?" என்றான். காரைத் திருப்பி, சாலையோரம் ஒரு மேய்ச்சல் நிலத்துப் பக்கம் நிறுத்தினோம். யார் நிலமோ, யார் குதிரையோ. கரும்பழுப்புப் பெட்டைக் குதிரை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேலிவரைக்கும் நடந்து வந்தது. இவ்வளவு கிட்டத்தில் நான் குதிரையைப் பார்த்ததில்லை. நனைந்த கழுத்தில் மயிர் சுழி சுழியாக ஒட்டியிருந்தது. மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு என் புறங்கையில் சூடாகப் பட்டது. மேல்தோல் அவ்வளவு மெல்லியது; அடியில் ஓடும் நரம்பு, நல்ல மல் துணிக்குக் கீழே தெரியும் கைரேகை மாதிரி தெரிந்தது. முன்னங்கால் மட்டும், அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல், குச்சி.

இந்த மண்ணில் பிறந்தவற்றில் மூத்த பேர் தூர்பியோன், சூறைக்காற்று என்று பொருள். 1931-ல் பிரெஞ்சு டெர்பி ஜெயித்தது. அதற்கு ஓர் அவப்பெயர் இருந்தது. தாய்வழியில் அமெரிக்க ரத்தம். 1913-லிருந்து இங்கிலாந்தில் ஒரு விதி: வம்சாவளி முழுவதும் தங்கள் பதிவேட்டுக்குள் இருந்தால்தான் சுத்த ஜாதிக் குதிரை, மற்றதெல்லாம் கலப்பு. எனவே தூர்பியோனும் அதன் பிள்ளைகுட்டிகளும் ஆங்கிலேயர் கணக்கில் ஜாதி கெட்டவை. ஆனால் ஜாதி கெட்டவை ஓடி ஜெயித்தால் என்ன செய்வது? தூர்பியோனின் மகன் ஜெபெல் 1940-ல் இங்கிலாந்துக்கே போய் 2000 கினி பந்தயத்தை வென்றது. ஜெபெலின் மகன் மை பாபு, பரோடா மகாராஜாவின் குதிரை, 1948-ல் அதே பந்தயத்தை வென்றது. அடுத்த ஆண்டே விதியைத் தளர்த்திவிட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1950-ல், இங்கிலாந்தின் டெர்பி, ஓக்ஸ், செயின்ட் லெஜர் மூன்றையும் பூசாக்கின் மூன்று குதிரைகள் அள்ளிக்கொண்டு வந்தன. டெர்பி ஜெயித்த கல்காதோர், ஜெபெலுக்குப் பிறந்தது. பாரிஸின் பெரிய பந்தயமான ஆர்க்கையோ அவர் குதிரைகள் ஆறு தடவை ஜெயித்தன.

நடுவில் போர். 1936-லும் 1937-லும் ஆர்க் ஜெயித்த கொரிடா என்ற பெட்டை, 1944-ல் இந்த ஃபலேஸ் வட்டாரத்துச் சண்டையில் காணாமலே போயிற்று. ஃபாரிஸ் கதை வேறு. 1939-ல் மூன்றே பந்தயம் ஓடி, மூன்றும் ஜெயித்தது. பின்தங்கிக் கிடந்து கடைசியில் எல்லாரையும் தாண்டி வரும் குதிரையாம். ஜெர்மானியர் வந்ததும் அதை ஓட்டிக்கொண்டு போய்த் தங்கள் பண்ணையில் பொலிகுதிரையாக வைத்துக்கொண்டார்கள். 1945-ல் திரும்பக் கிடைத்தது. அங்கே அதற்குப் பிறந்த குட்டிகளைப் பூசாக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. திருடிய குதிரைக்குப் பிறந்ததற்குப் பிரான்ஸின் பதிவேட்டில் இடமில்லை என்று நின்றுவிட்டார். அவற்றில் ஒன்றான ஆஸ்டர்ப்ளூட்டே 1949-ல் ஜெர்மன் டெர்பி ஜெயித்தபோதும் மனம் மாறவில்லை. இதில் நான் அவர் பக்கம்தான், குட்டிகள் என்ன பாவம் செய்தன என்று மனசு அடித்துக்கொண்டாலும்.

எனக்கு உறுத்துவது அதற்குப் பிந்திய கதை. தன் ரத்தத்தைக் கலப்பு என்று ஒதுக்கியவர்களை ஜெயித்த மனிதர், ஜெயித்த பிறகு அந்த ரத்தத்தை வெளியே விட மனமில்லாமல் தனக்குள்ளேயே சுற்றவிட்டார். காரனேஷன் என்ற பெட்டையை எடுங்கள். அதன் அப்பா ஜெபெல், தூர்பியோனின் மகன். அம்மா எஸ்மரால்டா, தூர்பியோனின் மகள். அப்பாவழித் தாத்தாவும் அம்மாவழித் தாத்தாவும் ஒரே குதிரை. அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொண்ட வம்சம் நாம், நமக்கே இது கொஞ்சம் திக்கென்று இருக்கிறது. 1949-ல் காரனேஷன் ஆர்க் பந்தயத்தை அடித்துத் தள்ளி ஜெயித்தது. அதற்குப் பிறகு பண்ணைக்கு வந்தது, வருஷங்கள் போயின, உயிரோடு ஒரு குட்டி தரவில்லை.

வெளி ரத்தத்தை அவர் தேடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1941-ல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற வேர்லவேயைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார். 1953-ல் அது இங்கேயே இறந்தது; சொல்லும்படி ஒன்றும் விட்டுப்போகவில்லை. 1950-களுக்குப் பிறகு லாயம் இறங்கிக்கொண்டே வந்தது. மில்லும் அப்படித்தான்: தன் பஞ்சு, தன் நூல், தன் சாயம், தன் கடை. வெளியாளுக்கு அவர் கதவைத் திறந்துவிட்ட ஒரே தடவை, காலில் நட்சத்திரம் இடறிய அந்த மனிதர் வந்தபோது. கடைசியில் மிஞ்சியதும் அதுதான்.

பையன் வேலிக்கு மேலாக ஆப்பிளை நீட்டப் போனான். கையைப் பிடித்து இழுத்தேன். அடுத்தவர் குதிரைக்குத் தீனி கொடுக்கக் கூடாது, லட்ச லட்சமாக விலை போவது. குதிரை ரொம்ப நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறாம் நாள், சனி: க்ரான்வில்

அர்ஜந்தானில் ஏறிய அதே ரயில் தடம் கடலில் போய் முடிகிறது. முடியும் ஊர் க்ரான்வில், டியோர் பிறந்த ஊர். குதிரைப் பண்ணைக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே ரயில் என்பது எனக்கு வரைபடத்தைப் பார்க்கும்வரை தெரியாது.

பாறை விளிம்பில் இளஞ்சிவப்பு வீடு, தோட்டம், கீழே சாம்பல் கடல். டியோரின் அப்பா பறவை எச்ச உரத் தொழிற்சாலை வைத்திருந்தவர். காற்று திரும்பினால் ஊரே மூக்கைப் பொத்துமாம். மணத்துக்குப் பேர்போன வீட்டின் பூர்வீகம் பறவை எச்சம். அதிகம் எழுத ஒன்றுமில்லை. வெயில் நன்றாக இருந்தது, வறுத்த மீன் சாப்பிட்டோம், பாரிஸ் ரயிலில் இரண்டு பேரும் தூங்கிவிட்டோம்.

நேற்றைய பதிவில் ஒன்று விட்டுப்போயிற்று. காணாமல் போன கொரிடாவுக்கு அதற்கு முன்பே கோவராஸ் என்று ஒரு மகன் பிறந்திருந்தது. தூர்பியோனுக்குப் பிறந்தது. 1945-ல் பிரெஞ்சு டெர்பி ஜெயித்துவிட்டு பிரேசிலுக்குக் கப்பலேறியது. முதலாளியின் அம்மா பாடிய நாட்டுக்கு.

ஏழாம் நாள், ஞாயிறு: லோன்ஷாம்

அக்டோபர் முதல் ஞாயிறு, ஆர்க் பந்தய நாள். புலோஞ் காட்டுக்குள் கூட்டம் கூட்டமாகத் தொப்பி வைத்த பெண்கள். இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம் பாட ஆரம்பித்துவிட்டார்கள்; ஜப்பானியர் கொடியோடு வந்திருந்தார்கள். புது மாடம் பொன்னிறத்தில் முன்னால் சாய்ந்து, ஓடப்போகும் குதிரை மாதிரி நிற்கிறது. எங்கள் ஊரில் ரேஸ் கோர்ஸ் என்றால் காலையில் வாக்கிங் போகும் இடம். குதிரை ஓடிய இடம் என்பதையே மறந்துவிட்டோம்.

நான் வந்தது ஆர்க்குக்காக இல்லை. அதே நாளில் நடக்கும் 'ப்ரி மார்செல் பூசாக்'. இரண்டு வயதுப் பெட்டைகள் மட்டும், 1600 மீட்டர். 1980-ல் அவர் இறந்த வருஷம் இந்தப் பந்தயத்துக்கு அவர் பேர் வைத்தார்கள். 1986-ல் இதை ஜெயித்த மியெஸ்க், கிரேக்கக் கப்பல்காரர் ஸ்டாவ்ரோஸ் நியார்கோஸின் குதிரை. வெள்ளிக்கிழமை நாங்கள் கேட்டைப் பார்த்துவிட்டு வந்தோமே, அந்தப் பண்ணையை 1979-ல் வாங்கியவர் அவர்தான். பூசாக்கின் குதிரைகளை வாங்கிய ஆகா கானுக்கோ, பூசாக் பண்ணைப் பெட்டை லிகாத்தாவின் மகள் அகிய்டா 1982-ல் ஆர்க்கையே ஜெயித்துக் கொடுத்தது. வெளியாட்கள் கைக்குப் போய், வெளி ரத்தம் சேர்ந்த பிறகு அந்த வம்சம் மறுபடி ஓடத் தொடங்கியது.

சுற்றுவட்டத்தில் குட்டிகளை நடத்திக்கொண்டு வந்தார்கள். எல்லாம் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மிரண்டு மிரண்டு பார்த்தன. ஜாக்கிகள் வந்ததும் நான் வழக்கம்போலச் சட்டைத் துணியைப் பார்க்க ஆரம்பித்தேன். இப்போது எல்லாம் வழவழவென்று செயற்கை இழை, உடம்போடு ஒட்டிக் காற்றுக்கு மடங்காமல் இருக்கிறது.

"எந்தக் குதிரைங்கத்தை?"

"அந்த நாலாவது. சட்டை தையல் சுத்தமா இருக்கு."

"குதிரையைப் பாருங்கன்னா…" என்று முணுமுணுத்துக்கொண்டே போய் இரண்டு யூரோ கட்டிவிட்டு வந்தான்.

இரண்டு நிமிஷம்கூட இருக்காது. தூரத்தில் ஒரு வண்ணப் பொட்டலம், பிறகு தரை அதிர்வு, பிறகு எங்களுக்கு முன்னால் புல் கட்டி கட்டியாகத் தெறித்தது. எங்கள் குட்டி கடைசிக்கு முந்தி வந்தது. அதன் ஜாக்கியின் சுத்தமான தையலில் முழுக்கச் சேறு.

பையன் சீட்டைக் கசக்கப் போனான். வாங்கிப் பார்த்தேன். மெல்லிய ரசீதுத் தாள், பந்தயத்தின் பேர் சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது. கைப்பையில் பிக் கிளாஸ் வைக்கும் தோல் உறையைத் திறந்தேன். நாலாக மடித்ததும் சரியாக உள்ளே போயிற்று.